பல்லி ஓடிய படம்

நளாயினி வீட்டு ஸ்கேனருக்கு மூக்குக்கு மேல் கோபம். மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் ஓர் எழுத்துப் பிசகாமல் படமெடுத்துக் கொடுத்த கண்ணாடி அது. கொஞ்ச நாளாக அவள் அதன் மேல் செம்பருத்தியையும் வாழைப்பூ மடலையும் பரப்பி, மூடியைத் திறந்தே வைத்துக் கலைப் படம் எடுக்கிறாளாம்!

“நான் என்ன பூக்கடையா?” என்று உறுமிக்கொண்டே அது தன் விளக்கை நகர்த்தியது. அந்த நேரம் பார்த்து, பூவிலிருந்த எறும்பைத் துரத்திக்கொண்டு ஒரு பல்லி கண்ணாடியில் குதித்தது.

“அசையாதே! அசைஞ்சா படம் கெட்டுப்போகும்!”

“இருங்கண்ணே, எறும்பு ஓடுதில்ல” என்று பல்லி, நகரும் விளக்கோடு கூடவே ஓடியது. படத்தில் அது முதலை நீளத்துக்கு இழுபட்டுக் கிடந்தது.

“என் மானமே போச்சு! இத்தனை வருஷத்துல ஒரு பொய் காட்டியிருப்பேனா?” என்று ஸ்கேனர் கொதித்தது.

நளாயினியோ அதைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டினாள். வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

“எந்தக் கேமராவில் எடுத்தது?”

“கேமராவே இல்லை. எல்லாம் இந்த ஸ்கேனரோட வேலைதான்.”

ஸ்கேனர் தன் விளக்கை ஒருமுறை பளிச்சென்று மினுக்கிக்கொண்டது.

மறுநாள் பல்லி மறுபடியும் கண்ணாடியில் இறங்கியது. வாங்கிய திட்டு நினைவிருந்ததால், வாலைக்கூட ஆட்டாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. விளக்கு பாதி தூரம் வந்துவிட்டது.

“மரக்கட்டை மாதிரி கிடக்கிறியே, அறிவிருக்கா உனக்கு?” என்று ஸ்கேனர் எரிந்து விழுந்தது. “என் படத்தைக் கெடுக்கன்னே வந்து சேர்ந்திருக்கே. ஓடுடா!”