தொண்ணூற்றாறு மைல்

"தொண்ணூத்தாறு மைல் சார்," என்றான் ப்ரூகர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்து கையுறையில் போய் விழுந்த சத்தம் அப்படி இல்லை. ஆனால் பந்தின் வேகத்தை அளக்கிற என் ஸ்பீடு கன் பேட்டரி தீர்ந்து படுத்துவிட்டது. அவனிடம் இருந்த கன்தான் எனக்குக் கதி.

அமெரிக்காவில், அயோவாவில் ஒரு பேஸ்பால் மைதானம்; பெரிய லீகுக்கு ஏறக் காத்திருக்கும் பையன்கள் ஆடுகிற மைனர் லீக். ஜூலை மாதத்து மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. பந்து வீசிக்கொண்டிருந்தவன் யோர்மன், வெளியூர் அணியின் பிட்சர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ப்ரூகர் உள்ளூர் அணியின் பிட்சர், வலது கைக்காரன். நேற்று வீசிவிட்டதால் இன்று அவனுக்கு ஆட்டம் இல்லை. அப்படி ஆட்டமில்லாத பிட்சர், ஆள் பார்க்க வந்த எங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் எழுதி, சாயங்காலம் தன் கோச்சிடம் கொடுக்க வேண்டும். அது இங்கே முறை.

நான் ஸ்கவுட். இருபத்திரண்டு வருஷமாகப் பையன்களின் கையைப் பார்த்து எங்கள் கிளப்புக்கு ஆள் எடுக்கிறவன். எங்கள் பேட்டர் ஒருவனை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒரு பிட்சரை வாங்கப் போகிறோம். ப்ரூகரா, யோர்மனா? சாயங்காலத்துக்குள் நான் சொல்லியாக வேண்டும். வருகிறவன் அடுத்த வாரமே பெரிய லீகில் நிற்பான். மற்றவன் இந்த மைனர் லீக் பஸ்ஸிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு கிடப்பான். இது ரெண்டு பேருக்கும் தெரியும்.

யோர்மனுக்கு வேகம் உண்டு, பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ப்ரூகர் நினைத்த இடத்தில் வைப்பான். நேற்றுகூட அப்படித்தான். கடைசியில் பத்துப் பந்து எங்கெங்கோ போனது. களைப்பு என்று விட்டுவிட்டேன்.

"இது தொண்ணூத்தேழு சார்."

எட்டி அவன் தாளைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து.

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லையா தம்பி?"

அவன் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தேன். வாய் தொண்ணூற்றேழு என்று சொன்ன பந்துக்குத் தாளில் தொண்ணூற்றொன்று. அதற்கு முந்தினது தொண்ணூறு. கோச்சிடம் கொடுக்கிற தாளில் உண்மை, எனக்கு மட்டும் பொய்.

போட்டியாளனின் வேகத்தைக் குறைத்துச் சொல்கிற பயல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டிச் சொல்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். எரிச்சலாக வந்தது.

"என்னைப் பாத்தா கேனயன் மாதிரி இருக்கா? எதுக்கு அவனைத் தூக்கி வச்சுப் பேசுற? ஏதாவது வாங்கிட்டியா?"

வலது கையை ஜாக்கெட் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டான். அந்த வெயிலிலும் ஜாக்கெட். பந்து வீசுகிற கையைப் பொத்திப் பொத்தி வைப்பது எல்லா பிட்சர்களுக்கும் உள்ள கிறுக்குதான்.

"அவன் போகட்டும் சார். கைக்குழந்தை இருக்கு. போட்டோ காட்டினான்."

"அப்ப நீ?"

"எனக்கென்ன அவசரம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம்னு இந்தத் தொழில்ல யாருக்காவது எழுதி வச்சிருக்கா?"

"யோர்மன் பேரையே சொல்லிடுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கே அடித்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். இவன் தன் வாழ்க்கையையே எடுத்து இன்னொருத்தனிடம் கொடுக்கிறான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று கூசிப்போனேன்.

ஹாட் டாக் கடைக்குப் பின்னால் போய் எங்கள் தலைமை அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"ப்ரூகரை எடுங்க."

"வேகம் கம்மின்னு நீதானேய்யா போன மாசம் சொன்னே?"

"நல்ல கை எங்க வேணா கிடைக்கும் சார். இந்த மனசு கிடைக்காது. என் பேரை நம்பி எடுங்க."

கால்மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். பேசி முடித்தாயிற்று. நாளைக் காலையில் டாக்டர் முழங்கையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் கையெழுத்து.

ரெண்டு கோக் வாங்கிக்கொண்டு ஓடினேன். இந்த வேலையில் நல்ல சேதி சொல்கிற நாள் வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

"யோர்மன் இல்லடா. நீதான்! உன் மனசுக்கு நீதான் போகணும்னு அடிச்சுச் சொல்லிட்டேன். காலைல ஒரு ஸ்கேன், அவ்வளவுதான்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்கேன் எடுத்தே ஆகணுமா சார்?"

"எல்லாருக்கும் எடுக்கறதுதானே. ஏன்?"

"வேண்டாம்னு சொல்லிட முடியாதா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கிறுக்கா உனக்கு? ரெண்டு கிளப்பும் பேசி முடிச்சாச்சு."

அவன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யோர்மன் ஆட்டம் முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே போனான். வாழ்த்துச் சொல்ல ப்ரூகரிடம் கையை நீட்டினேன்.

"சீசன் முடிய ஆறு வாரந்தான் இருந்துச்சு சார்," என்றான் மெதுவாக. "பல்லைக் கடிச்சு ஓட்டியிருப்பேன். அப்புறம் குளிர்காலம் பூரா ஓய்வு குடுத்திருந்தா, யாருக்கும் தெரியாமலே சரியாப் போயிருக்கும்."

நான் நீட்டின கையை அவன் இடது கையால் பிடித்தான்.

கன்னைத் தூக்கிப் பிடித்தது, அதை மடியில் வைத்துவிட்டுத் தாளில் கிறுக்கியது என்று மூன்று மணி நேரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் செய்த எல்லாமே அந்த இடது கையால்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.