நாக்பூருக்குத் தனியாக

கட்டுப்போட்ட காலோடு வாசலில் உட்கார்ந்திருந்த குப்புராஜ், துண்டுக்கடியில் விரலைப் பிடித்த மாட்டுத் தரகரைப் போல மனைவியை விடுவதாக இல்லை.

“நாக்பூர் வரைக்கும் மொதத் தடவையாத் தனியாப் போற புள்ள. தெரியாதவன் டீ குடுத்தாக் குடிக்காத. கூட்டமிருக்கற எடத்துல தங்கு. யாராச்சும் கேட்டா, ஊட்டுக்காரர் பின்னால தூங்கறாருன்னு சொல்லு.”

“காலைல இருந்து பத்துத் தடவ சொல்லீட்டீங்க” என்றாள் வளர்மதி அலுப்போடு.

வெளியே நின்ற லாரியின் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டுத் தலையை நீட்டினாள்.

“பதினோரு வருசமா எல்லா செக்போஸ்ட்லயும் ஊட்டுக்காரர் பின்னால தூங்கறாருன்னுதானுங்க சொல்லீட்டிருக்கறேன். அப்பெல்லாம் நெசம். இந்த ஒருக்காத்தான் பொய் சொல்லோணும்.”