ஞாயிற்றுக்கிழமை மேசை

“வருந்துகிறோம்…”

கடிதத்தின் முதல் சொல்லே அதுதான். பல்கலைக்கழக நூலகத்தில் ஆறு வருஷம் மாடாய் உழைத்த கார்லீனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த மே மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலே படிக்க மனசு வராமல் பையில் திணித்தாள்.

நிரந்தரமாக்க வேண்டாம் என்று சிபாரிசு செய்தது சக நூலகர்கள் ஐந்து பேர் கொண்ட குழு. யார் எந்தப் பக்கம் என்பது ரகசியம்.

குழுவில் இருந்த டான்யா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “அநியாயம்டி! என் ஓட்டு உனக்குத்தான். வெளியே சொல்லிடாதே.”

மதியம் அதே குழுவைச் சேர்ந்த கெர்ரி, பட்டர் டார்ட் என்ற இனிப்பை நீட்டினான். “நீ ரெண்டு கட்டுரைதான் எழுதியிருக்கேன்னு பிடிச்சுக்கிட்டாங்க. உனக்காக எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?”

எழுத நேரம் ஏது? ஓய்வு பெற்ற மூன்று பேர் இடத்துக்கு ஆளே போடவில்லை. அந்த வேலையெல்லாம் இவள் தலையில். போதாததற்கு, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை விசாரணை மேசை. முறைப்படி கூட ஒருவர் உட்கார வேண்டும். ஆனால் ஒருவருக்குப் பிள்ளையின் ஹாக்கி, இன்னொருவருக்குப் பனியில் கார் கிளம்பாது.

“நீ கெட்டிக்காரி, சமாளிச்சுடுவே!” என்று நழுவிவிடுவார்கள்.

சாயங்காலத்துக்குள் குழுவில் இன்னும் இரண்டு பேர் வந்து, “என் ஓட்டு உனக்குத்தான்” என்றார்கள்.

ஐவரில் எட்டிக்கூடப் பார்க்காதவர் ஆவணப் பிரிவு ஆர்வின் ஒருவர்தான். சிடுமூஞ்சி. அவருக்கு ஞாயிறு முறையே கிடையாது. ஆனாலும் வந்து மூலையில் உட்கார்ந்து இவளைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், சின்ன நோட்டில் எதையோ குறிப்பார்.

வேவு! இவர்தான் நூலகத் தலைவரான டீன் காதில் ஏதோ ஓதியிருக்கிறார்.

சொல்லி அழ வீட்டில் யாருமில்லை. டப்பா சூப்பைச் சூடாக்கி, நின்றுகொண்டே குடித்தாள்.

ஞாயிறு வந்தது. மேசையில் வழக்கம்போல அவள் மட்டும். மூலையில் ஆர்வின், கையில் அதே நோட்டு. கார்லீனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“இன்னிக்கும் குறிச்சாச்சா? இன்னும் என்ன சார் பாக்கி? அதான் என் சீட்டைக் கிழிச்சாச்சே!”

ஆர்வின் நிமிர்ந்தார். “கடிதாசை முழுசாப் படிச்சியாம்மா?”

“படிச்சு?”

“அப்பீலுக்குப் பத்து நாள்தான் டைம். படி.”

வேண்டாவெறுப்பாகப் பிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓட்டு விவரம்.

ஆதரவு: ஒன்று. எதிர்ப்பு: நான்கு.

திரும்பவும் படித்தாள்.

மூன்றாம் பக்கத்தில், ஆதரித்தவர் இணைத்திருந்த குறிப்பு. வரிசையாக நாற்பத்தொரு தேதிகள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். அடியில் இரண்டே வரி:

‘இந்த நாட்களில் கார்லீன் மேசையில் தனியாகத்தான் இருந்தார். அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டிய நால்வரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.’