மாற்றித் தரப்பட மாட்டாது

"இதைக் கொஞ்சம் மாத்தித் தாங்க சார்."

அந்தப் பெண் என் மேஜைமேல் வைத்தது ஒரு செவப்பன். ஒரு பக்கம் திருப்பினால் தீயணைப்பு வண்டி, மறுபக்கம் திருப்பினால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ரோபோ. அவள் கொண்டுவந்தது இரண்டிலும் சேர்த்தியில்லை. தலை வெளியே, கால்கள் உள்ளே, ஒரு கை முதுகோடு முறுக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

செவப்பன் படம் அன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது. தியேட்டர் எங்கள் பொம்மைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. காலையிலிருந்து படியேறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் இதே பொம்மைதான்.

படம் ஓடுகிற வரை எனக்கும் கடையில் இது ஒன்றுதான் வேலை. வருகிறவர்கள் முன்னால் வண்டியை ரோபோவாக்குவேன், ரோபோவை வண்டியாக்குவேன். மற்ற விற்பனையாளர்களுக்கு அரை நிமிடம் ஆகும். எனக்குப் பதினோரு நொடி. என் பெருவிரல் பின்பக்கமாக வில்போல் வளையும், அதுதான் காரணம்.

நான் சுவரிலிருந்த பலகையைக் காட்டினேன். விற்ற பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது.

வேறு பொம்மை கேட்கவில்லை, இதையே ரோபோவாக மாற்றித் தந்தால் போதும் என்றாள்.

எனக்குப் புரியாமலா? இந்தப் பொம்மை கடைக்கு வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இருநூறு பேர் சொல்கிற வார்த்தை அது. இருந்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இதையேதான் மேடம் மாற்றித் தர மாட்டோம் என்கிறோம் என்று, பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாகச் சொன்னேன்.

அவள் கெஞ்ச ஆரம்பித்தாள். பதினோரு மணிக் காட்சியாம். பிள்ளைக்கு இன்றைக்கு எட்டாவது பிறந்தநாளாம். செவப்பன் எழுந்து நிற்காமல் படத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாளாம். வீட்டுக்காரரும் விடிந்ததிலிருந்து மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டாராம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அசடு வழிகிற முகம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரட்டைப் பின்னலில் ஒரு சிறுமி.

அவரால் முடியவில்லை என்று கேட்டதில் எனக்கு வயிறு குளிர்ந்தது.

யாராலும் முடியாது. நெஞ்சுக்கு அடியில் எள்ளளவு கொக்கி ஒன்று இருக்கிறது. அதை விடுவிக்காமல் தோளைத் திருப்பினால் பயில்வானுக்கும் அசையாது. பெட்டிக்குள் இருக்கிற குறிப்புத் தாளில் அது நாலாவது படம்.

தாள் எங்கே என்று கேட்டேன். இல்லை. பெட்டி? அதுவும் இல்லை. பழுப்புக் காகிதம் சுற்றி, பார்சலில் வந்ததாம்.

சரி, பில்லாவது இருக்கிறதா?

"பில்லு அனுப்பினவர்கிட்ட இருக்கும் சார்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த நேரம் வேறொரு குடும்பம் வந்து செய்துகாட்டச் சொன்னது. மாதிரிக்கு வைத்திருந்த செவப்பனை எடுத்து, வேண்டுமென்றே நிதானமாகத் திருப்பினேன். அவளும் தன்னுடையதைக் கையில் எடுத்து, என் விரல்களையே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அதேபோல் செய்தாள்.

நாலாவது வந்தபோது கையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் தோளைத் திருப்பினாள். டக்கென்று சத்தம் கேட்டது. செவப்பனின் கை தரையில் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது.

உடைந்த பொருளைக் கடையில் தொடக்கூட மாட்டோம் மேடம் என்றேன். அவள் குனிந்து அந்தக் கையைத் தேடி எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. பார்க்கத்தான் செய்தேன். அப்போதும் எனக்கு மனசு இறங்கவில்லை.

கதவு திறந்தது. அந்தச் சிறுமி உள்ளே வந்தாள், பின்னாலேயே அவரும். உடைந்ததைப் பார்த்து அவள் அழவில்லை. அவர் அலமாரியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டி, குழந்தைக்கு ஒரு தடவை செய்துகாட்டுங்கள் தம்பி என்றார்.

புதுப் பெட்டி என்றால் செய்துகாட்டித்தான் ஆகவேண்டும். செய்துகாட்டினேன். நாலாவதையும் காட்டினேன்.

சிறுமி அதை வாங்கி ஒரே தடவையில் தானே மாற்றினாள். அவள் பெருவிரல் பின்பக்கமாக வில்போல் வளைந்தது. அவர் கைதட்டினார். அவளுடைய அம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

போகும்போது சிறுமி திரும்பி வந்து பழைய செவப்பனை, கழன்ற கையோடு சேர்த்து, என் முன்னால் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க அங்கிள். எனக்கு அப்பா புதுசு வாங்கிக் குடுத்துட்டாரு."

மூன்று பேரும் படியேறினார்கள். மணி பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

பர்ஸைத் திறந்தேன். நாலாக மடித்த குறிப்புத் தாளும், அதற்குள் பில்லும் பத்திரமாக இருந்தன. நாலு நாளைக்கு முன்னால், பார்சல் கட்டுகிறபோது நானே உருவி வைத்தவை. காகிதத்தின் மேல் அனுப்புநர் என்ற இடத்தில் கடை முகவரியை மட்டும் எழுதினேன். தாள் இல்லாவிட்டால் மாற்றத் தெரியாது, மாற்றத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கேதான் வந்தாக வேண்டும், ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் மகள் முன்னால் ஒரு தடவை மாற்றிக்காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

வந்தாள். பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தாள்.