சலிப்பு: ஓர் ஒப்பீடு

மைக்கின் முன் வந்து நின்ற பிறகுதான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள்.

அவள் பெயருக்கு எதிரே வேறு தலைப்பு இருந்தது.

'என் தாயின் கைகள்.'

அவள் அனுப்பியது அது இல்லை. ரஷ்ய நாவல்களிலும் பிரெஞ்சு நாவல்களிலும் வரும் வசதியான மனிதர்களின் சலிப்பைப் பற்றி எழுதியிருந்தாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. அமர்வின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். 'அடித்தளக் குரல்கள்.'

குரலாம்.

எல்லாம் முதல் நாள் வந்த வினை. ஏற்காட்டில் ஒப்பிலக்கியக் கோடைப் பள்ளி. தங்க இடம், சாப்பாடு, போர்த்திக்கொள்ளக் கம்பளி, எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் தன் அப்பா பல் டாக்டர் என்றாள். இவள் தன் அம்மா ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரிக்கிறாள் என்றாள்.

உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பல் டாக்டரின் மகளைப் பல்லைப் பற்றி எழுதச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இவளை மட்டும் பேராசிரியர் மதிவதனன் தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பள்ளியை நடத்துகிறவர். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"அம்மாவைப் பத்தி எழுதுங்கம்மா. சீமாட்டிங்க கொட்டாவி விடுறத யாரு வேணும்னாலும் எழுதலாம். இத நீங்க மட்டும்தான் எழுத முடியும். தொகுப்புல முதல் கட்டுரையா போட்டுடலாம்."

தொகுப்பு என்றால் புத்தகம். அச்சில் அவள் பெயர். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டாள்.

அவர் அதுவரை காத்திருக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டார்.

முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை எடுத்து, மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் இவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

இவர்கள் அழுது முடிப்பதற்கா அம்மாவின் கைகள்?

தன் தாள்களைப் பிரித்தாள். தன் தலைப்பைத் தானே வாசித்தாள். கொஞ்சம் சத்தமாகவே.

பிறகு நிறுத்தவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தாள். அதில் ஒரு சீமாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் முழுக்க. தெருவைப் பார்ப்பாள். கொட்டாவி விடுவாள். அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடும். இவள் வீட்டிலும் ஜன்னல் இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து இவள் பார்த்ததில்லை. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

அது எதுவும் கட்டுரையில் இல்லை.

கட்டுரையில் சலிப்பு மட்டும்தான் இருந்தது. பண்ணையாருக்கு எல்லாம் கிடைத்துவிட்டதால் வந்த சலிப்பு. அதிகாரியின் மனைவிக்கு, இனி எதுவும் கிடைக்காது என்று தெரிந்துபோனதால் வந்த சலிப்பு. இரண்டும் ஒன்றில்லை என்றாள். எங்கே பிரிகின்றன என்று பக்கம் பக்கமாகக் காட்டினாள்.

கைக்குட்டை திரும்பப் பைக்குள் போனது.

வாசித்து முடித்ததும் மதிவதனன்தான் முதலில் கை தூக்கினார். முகத்தில் வருத்தம். கோபம் இல்லை.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதுல உங்க அம்மா எங்க இருக்காங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க சார். இங்க வந்திருக்கிறது நான்."

தாள்களை அடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

சாப்பாட்டின்போது விஷயம் வந்து சேர்ந்தது. தொகுப்பில் பக்கம் போதவில்லையாம். அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

வலிக்கத்தான் செய்தது.

அன்றைக்கு ஜவ்வரிசிப் பாயசம். எந்தக் குரலைப் பற்றியும் யாரும் பேசாமல் குடித்தார்கள். இவள் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரையும் ஏரிக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போக வேன் வந்தது. கீழே இருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தார்கள். பல் டாக்டர் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இவள் அறையிலிருந்த ஒரே நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டாள்.

வேன் போய்விட்டது. ஒரு சில்வர் ஓக் மரம். அதற்குப் பின்னால் இன்னொன்று. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. அம்மா.

"என்னா பாப்பா பண்ற?"

"ஒண்ணும் பண்ணலம்மா. ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அந்தப் பக்கம் மில்லின் இரைச்சல் மட்டும் கேட்டது. நேரத்தை வீணாக்குகிறாயா என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தாள்.

"நல்லா உக்காரு" என்றாள் அம்மா.

பிறகு யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

அவள் கால்களைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டாள். வெளியே பார்த்தாள். வாயை மூடிக்கொள்ளாமல், அவசரமே இல்லாமல், ஒரு கொட்டாவி விட்டாள்.