கரையில் உயர்ந்த கைகள்

"மாமா, அசையாதீங்க. துடுப்பைத் தண்ணிக்குள்ள விடாதீங்க."

கயாக் படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த சாலமோனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பின்னால் இருந்த ஆபேல் தூண்டிலைச் சுற்றிக்கொண்டே சிரித்தான்.

"என்னடா, பெரிய விரால் ஏதாவது தெரியுதா?"

"விரால் இல்ல. எதிர்ல பாருங்க, ஆகாயத்தாமரை ஓரத்துல. கட்டை மாதிரி..."

ஆபேல் பார்த்தான். கட்டைதான். ஆனால் கட்டைக்குக் கண் இருந்தது. அந்தக் கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

வண்டலூர்ப் பக்கத்து ஏரிகளில் முதலை உண்டு என்று இரும்புலியூர் டீக்கடையில் சொல்லாத ஆள் கிடையாது. நேரில் பார்த்தவன் என்று ஒருத்தனைத்தான் ஆபேல் இதுவரை கண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான், ஆன்லைனில் வாங்கிய காற்றடிக்கும் ரப்பர் கயாக்கில் மனைவியின் தம்பியையும் ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்கு வந்திருந்தான். ஒரு பல் பட்டால் போதும், கதை முடிந்தது.

"திரும்பிடலாமா மாமா?"

"எங்கடா திரும்புறது? கரைக்கும் நமக்கும் நடுவுலதான் அது படுத்திருக்கு."

கரை என்றதும்தான் அவனுக்கு உறைத்தது. அங்கே வெள்ளை உடுப்பில் இருபது பேர் நின்றிருந்தார்கள். அவன் மனைவி பியூலாவின் சபையார். இன்று பியூலாவுக்கு முழுக்கு ஞானஸ்நானம்.

"நமக்குத்தான் கைக்குழந்தையிலேயே தலையில தண்ணி தெளிச்சாச்சே, இன்னொரு தடவை எதுக்கு?" என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் அவள் கேட்கவில்லை. கரையில் வந்து நின்றாலாவது போதும் என்றாள். "நிக்கிறது என்ன, நானும் தண்ணியிலேயேதான் இருக்கப் போறேன்" என்று நக்கலடித்துவிட்டு, விடிந்ததுமே மைத்துனனோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது முதலை மெல்லத் திரும்பிக் கரைப்பக்கம் நகர ஆரம்பித்தது. பாஸ்டர் முழங்கால் ஆழத்தில் நின்றார். பக்கத்தில் பியூலா.

"பியூலா! முதலை! மேல ஏறு!"

"அக்கா! தண்ணியில நிக்காத! ஓடு!"

பக்கவாட்டில் அடித்த காற்று வார்த்தைகளை வாரிக்கொண்டு போனது. கரையிலிருந்து வந்ததும் வெறும் இரைச்சல்தான். சற்றுமுன் வரை டேம்பரின் தட்டிப் பாடிக்கொண்டிருந்தவர்கள், இவர்களைப் பார்த்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். சத்தம் இன்னும் உரத்தது.

"ஐயோ, ஸ்தோத்திரம் பண்றாங்கடா!" ஆபேல் தலையில் அடித்துக்கொண்டான். "உயிர் போகுதுன்னு கத்துறோம், இவங்களுக்கு அதுவும் அல்லேலூயாதான்!"

"மாமா, அக்கா இன்னும் உள்ள வருது!"

வந்துகொண்டுதான் இருந்தாள். பாஸ்டர் பிடிக்கப் பிடிக்க அவர் கையை உதறிவிட்டு, கைகளைத் தூக்கியபடி, இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் முதலைக்கும் நடுவில் ஒரு தெருவின் அகலம்கூட இல்லை.

இவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்ததும் ஆபேலுக்கு அழுகை முட்டியது.

"போடுடா துடுப்பை! நேரா அது மேலயே விடு!"

"மாமா, இது ரப்பர்!"

"தெரியும்டா! போடு!"

இரண்டடி நகர்வதற்குள் கயாக்கின் வாலை யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஒரு வெட்டு. பின்னால் தொங்கவிட்டிருந்த மீன் பை தாமரைக்கொடியில் சிக்கியிருக்கும். திரும்பிப் பார்க்க ஏது நேரம்? ஆபேல் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பை வலித்தான். கயாக் விடுபட்டுப் பாய்ந்தது.

இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே போனார்கள். எதிரே இருந்த முதலை ஒரே சுழற்சியில் தண்ணீருக்குள் மறைந்தது. அதன் பிறகுதான் பயம் பன்மடங்கானது. கண்ணுக்குத் தெரியும்போது அது ஒரு முதலை. தெரியாதபோது ஏரி முழுக்க முதலை.

கரை தட்டுவதற்குள் ஆபேல் குதித்துவிட்டான். பியூலாவை இடுப்போடு வாரி, சேற்றில் விழுந்து எழுந்து, மேலே இழுத்துப் போய்ப் புல்லில் போட்டான். சாலமோனும் தவழ்ந்து வந்து சேர்ந்தான். கயாக்கை யாரும் கவனிக்கவில்லை.

பியூலா கணவனின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"அறிவிருக்காடி உனக்கு?" ஆபேல் மூச்சிரைத்தான். "எதிர்ல முதலை வருதுன்னு கரடியா கத்துறேன், கையைத் தூக்கிப் பாடிக்கிட்டே உள்ள வர்றியே!"

"எதிர்லயா?"

பியூலா திகைத்துப்போய்ப் பாஸ்டரைப் பார்த்தாள். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். சபையாரில் இரண்டு பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"எதிர்ல வேற ஒண்ணு இருந்துச்சாங்க?" பியூலாவின் குரல் உடைந்தது. "அதை நாங்க யாருமே பார்க்கல. நாங்க கையைத் தூக்கிக் கத்தினதெல்லாம், உங்க முதுகுக்குப் பின்னாடி வாயைத் திறந்துக்கிட்டு வந்துச்சே, அதுக்கு."