அரை சிபியூ கேட்டவன்

"அரை சிபியூவா? சிபியூ என்ன தர்பூசணியா, கீறிக் குடுக்க?" என்றார் டீம் லீடர்.

கேட்டவன் அவர் மனைவியின் தம்பி. அதே ஆபீஸில் கேன்டீன் மெனுவை டிவியில் காட்டும் புரோகிராமை எழுதியவன்.

"மெனுவுல வர்ற சூப்புக் கிண்ணம் மெதுவா சுத்தணும் மாமா. அதுக்கு அரை போதும்."

எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு சிபியூ, எவ்வளவு மெமரி என்று சர்வரிடம் கேட்டு வாங்கித் தரும் லைப்ரரி என்ற கோட் தொகுப்பை எழுதியவர் லீடர். அதனால் சர்வரையே மாமனார் தனக்கு எழுதி வைத்ததுபோல் நடந்துகொள்வார்.

"என் லைப்ரரியில சிபியூன்னா முழு எண்தான். புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டிடும். உனக்குப் பூஜ்யம். உன் மூஞ்சிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

மறுநாள் கிளையன்ட் வந்தார். அதே சர்வரில் ஓடும் லீடரின் பில்லிங் புரோகிராம் அவருக்குப் பிடித்துவிட்டால் லீடர் மேனேஜர் ஆகிவிடுவார். லீடர் பட்டனை அழுத்தினார். முதல் பில் வருவதற்குள் கிளையன்டின் காபி ஆறிவிட்டது.

"எவன் சர்வரை முழுசா தின்னுட்டிருக்கான்?" என்று சர்வரைக் கவனிக்கும் பெண்ணின் காதில் சீறினார்.

"கேன்டீன் மெனு சார்."

"அதுக்கு நான் பூஜ்யம்தானே குடுத்தேன்!"

"பூஜ்யம்னு எழுதினா, வரம்பே இல்லைன்னு சர்வர் எடுத்துக்கும் சார். எவ்வளவு வேணா சாப்பிடலாம்."

கிளையன்ட் பில்லை எப்போதோ மறந்துவிட்டார். சுவர் டிவியில் சூப்புக் கிண்ணம் பம்பரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தது.

"என்னமா ஓடுது! யார் எழுதினது?"

"என் மச்சான்" என்றார் லீடர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பில்லிங்கையும் அவர்கிட்டயே குடுத்துடுங்க. நீங்க கொஞ்ச நாள் அவர்கூட இருந்து கத்துக்கோங்க."